பச்சையில் ஒடித்த கருது

செட்டுக் கட்டுவதற்காகக் காத்தான் நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்துவிட்டுப் போன இடத்தில்தான் பாவாயி ஸ்வீட் கார்ன் விதைத்தாள்.

ஆட்டையாம்பட்டிக்கு வெளியே, வீட்டுக்குப் பின்னால், மாமனார் பாகம் பிரிக்காமல் விட்டுப்போன அஞ்சு சென்ட் அது. கணவனின் அண்ணன் காத்தானுக்கு அதில் தறி ஓட்டக் கொட்டகை வேண்டும். கணவன் சபரிநாதன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே போய் ஏழு மாதமாகிறது. போன் போட்டால், "அண்ணஞ் சொல்றதக் கேளு" என்பான்.

பாவாயி கேட்கவில்லை.

"ஒரே வெள்ளாமைங்க மாமா. கருது நல்லா வந்தா எடம் எனக்கு. வரலீன்னா செட்டுக் கட்டிக்குங்க."

காத்தான் சிரித்தார். "நாப்பது வருசமா கோழிப்பண்ணைக்கு மக்காச்சோளம் போடறவங்கிட்டயே பந்தயமா? போடு சாமி."

பாதி நிலத்தில் விதைத்தாள். மீதியில் ஒரு மாதம் கழித்து விதைத்தாள். எல்லாம் ஒரே நாளில் விளைந்தால் யார் தின்பது?

தறியில் இழை அறுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவளுக்குச் சோளம் புதிது. சோளக் கருதின் நுனியில் முடி வெளியே வந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டாள். அதிலிருந்து இருபது நாள் கணக்கு. பன்னிரண்டாம் நாளே பொறுக்காமல் ஒன்றை உரித்து நகத்தால் கீறினாள். வெறும் தண்ணீர் வந்தது. மறுநாள் அந்தக் கருது முழுக்க எறும்பு. அதற்குப் பிறகு உரிக்கவில்லை, தோலோடு நுனியைத் தடவிப் பார்ப்பதோடு சரி.

பதினாறாம் நாள் பாத்தி காய்ந்து கிடந்தது. பாத்திக்கு வரும் தண்ணீர் வால்வைக் காத்தான் மூடியிருந்தார்.

"முத்தற நேரத்துல தண்ணி எதுக்கு? சோளத்தட்டு காயட்டும்."

"இது காயக்கூடாதுங்க மாமா."

"காயாம எப்படிப் புள்ள வெளையும்?"

அவள் திறந்தாள். அவர் மூடினார். அவள் குடத்தை எடுத்தாள். நாலு நாள், காலையும் மாலையும், வீட்டுக் குழாயிலிருந்து சுமந்து ஊற்றினாள். இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது.

இருபதாம் நாள் விடிகாலை. முடி கருத்துச் சுருண்டிருந்தது, தோல் மட்டும் பச்சை. நுனி கூர்மை போய் உருண்டிருந்தது. ஒரு கருதின் தோலை விரலளவு விலக்கி நகத்தை வைத்தாள். பால் தெறித்தது.

முதலில் அடுப்பில் குண்டாவை ஏற்றினாள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகே பாத்திக்குப் போனாள். ஒடித்து வைக்க வைக்க இனிப்பு குறைந்துகொண்டே போகும் என்று கேட்டு வைத்திருந்தாள். கருதைக் கீழ்ப்பக்கம் அழுத்தி ஒரு திருகு. மடக்.

சத்தம் கேட்டுக் காத்தான் ஓடி வந்தார். "அய்யோ, பச்சையா ஒடிக்கறா பாரு! இன்னும் ஒரு மாசம் நிக்கோணும்!"

பக்கத்து வீட்டு ராஜம்மாள் சுவருக்கு மேல் தலை நீட்டினாள். "கோழிக்குக்கூட ஆகாது போல இருக்குதே?"

"கோழிக்குன்னு யாரு போட்டாக்கா?"

வெந்ததை நீட்டியபோது காத்தான் கை நீட்டவில்லை. "எளசுல ஒடிச்சுட்ட. தோத்துட்ட. அடுத்த மாசம் கொத்தனாரோட வாரேன்."

"வாங்க. உங்க பக்குவத்துக்குன்னு ரெண்டு கருது செடியிலயே உட்டிருக்கேன். அன்னைக்கு ஒடிச்சுப் பாக்கலாம்."

சொன்னபடி வந்தார். அறிவு என்கிற கொத்தனார் கையில் டேப்போடு நின்றார். விட்டு வைத்த இரண்டின் தோலும் காகிதம்போல் காய்ந்திருந்தது. காத்தானே ஒன்றை ஆசையாக உரித்தார். உள்ளே மணியெல்லாம் வற்றிச் சுருங்கி, வெகுநேரம் துணி துவைத்த விரல் நுனிபோல் கிடந்தது.

"வெதை சொத்தை," என்றார்.

பாவாயி இரண்டாவது விதைப்பில் அன்று காலை ஒடித்து வேகவைத்ததைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். "அதே வெதை. அதே மண்ணு. தின்னு பாத்துட்டு அளங்க."

கொத்தனார் முன்னால் மறுக்க முடியவில்லை. ஒரு கடி கடித்தார். சாறு மீசையில் தெறித்தது. பிறகு வரிசை வரிசையாக, தக்கை தெரியும்வரை, தலை நிமிராமல் தின்றார்.

"எந்தப் பக்கமிருந்து புடிக்கட்டுங்?" என்றார் அறிவு.

"டேப்பச் சுருட்டு." காத்தான் மீசையைத் துடைத்துக்கொண்டார். "இருந்தாலும் பச்சையா ஒடிக்கறது மனசுக்கு ஒப்பல." கை இன்னொரு கருதை எடுத்துக்கொண்டிருந்தது.

பாவாயி நாலு மூலைக்கும் நடந்தாள். ஒவ்வொரு முளைக்குச்சியாக அசைத்துப் பிடுங்கி அடுப்பில் சொருகினாள். குண்டாவில் தண்ணீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.