முத்திரை இல்லாத பத்திரங்கள்

எண்பதுகளில், விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் எங்கள் பெயின்ட் தொழிற்சாலையைக் கூட்டித் துடைத்த அந்த மெலிந்த யாழ்ப்பாணத்துக்காரர், எந்தக் கடதாசியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார்.

ஒருநாள், தொழிற்சாலை நிலத்துக்குள் கழிவு இறங்கியிருந்தது தெரியவந்தது. அது இறங்கிய ஆண்டுகளின் காப்புறுதிப் பத்திரங்கள் கிடைத்தால், அவற்றின் காலம் முடிந்திருந்தாலும் காப்புறுதி நிறுவனத்திடம் துப்புரவுச் செலவைக் கேட்கலாம் என்றார் சட்டத்தரணி. பழையவை என்று அவற்றை எறியச் சொல்லி யாழ்ப்பாணத்துக்காரரிடம் கொடுத்ததே நான்தான்.

அவரிடம் ஓடினேன்.

"எறியேல்லை தம்பி, வீட்டிலை கிடக்கு. எங்கட காணி உறுதிப் பத்திரம் எரிஞ்ச பிறகு, முத்திரை குத்தின கடதாசியை எறிய மனம் வருகுதில்லை."

"எல்லாம் இருக்கோ அண்ணை?"

"ஓம். முத்திரை இல்லாததைத்தான் எறிஞ்சனான்."

அவர் வீடு இருந்த ஏவன்டேலுக்குப் போகும் ரயிலில், எந்தெந்த ஆண்டுப் பத்திரத்தில் முத்திரை இருந்தது என்று நினைவுபடுத்தியபடியே இருந்தேன். பக்கத்தில் அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.