என்னை ஏலம் கூறிய நாள்

அமெரிக்காவில் யார் வெல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் என் முதலாளியம்மா சின்யோராதான். போன வருஷக் கடைசியில், குளிர் தொடங்க முன்னம். இத்தாலியின் பலெர்மோவில், கால்சா என்ற பகுதியில், கடற்காற்றில் சுவர் உரிந்த பழைய வீடொன்றின் மூன்றாம் மாடியில் அவருக்குச் சமைத்து, மருந்து எடுத்துக் கொடுத்து, முழங்காலுக்கு எண்ணெய் பூசி நான் வேலை செய்கிறேன். எனக்கும் வயது அறுபது கடந்துவிட்டது. அவருக்கு எண்பது கடந்துவிட்டது. ஒரு கிழவியை இன்னொரு கிழவி பார்க்கிறாள் என்று என் மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். என் உழைப்பில் நான் சாப்பிடுகிறேன்.

அமெரிக்கத் தேர்தல் எனக்கு எதற்கு? பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலில் வரிசையில் நிற்கவே என் காலுக்குத் தெம்பு காணாது. ஆனால் சின்யோரா வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தக் காலம் வேறொன்றும் போகவில்லை. ஒருவர் தலை நரைத்தவர், மற்றவர் மெலிந்தவர். எனக்கு மெலிந்தவரைப் பிடித்தது. அவருடைய நிறம் எங்கடை பொடியள் மாதிரி இருந்தது என்பதுதான் முதல் காரணம், பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவது காரணம் பிறகு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்யோராவின் மகன் வருவான். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பிக்கிறவன். என் மகளின் வயதுதான், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். நல்ல பிள்ளை. வரும்போது எனக்கும் சேர்த்து இனிப்பு வாங்கி வருவான். சாப்பாட்டு மேசையில் என்னையும் இருத்தித்தான் சாப்பிடுவார்கள். மத்தி மீன் போட்ட பாஸ்தாவை வாயில் வைத்தபடியே தாயும் மகனும் சண்டை தொடங்குவார்கள்.

"அரசாங்கம் கையை எடுக்க வேணும் அம்மா. விலை தன்ரை பாட்டில தன்ரை இடத்தைத் தேடிக்கொள்ளும்."

"விலைக்குக் கண்ணும் காலும் முளைச்சிருக்கோ, இடம் தேடித் திரியுறதுக்கு?" என்பார் சின்யோரா. அவருடைய புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர், தொழிற்சங்கக்காரர். மகன் படித்தது முழுக்க அந்த மூட்டைக் காசில். அதை மகன் மறக்கவில்லை. அதனால்தான் தாய் முன்னால் குரலை உயர்த்த மாட்டான், ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லுவான்.

எனக்குச் சந்தை தெரியும். இங்குள்ள கபோ சந்தைக்குக் கிழமைக்கு மூன்று தரம் போகிறேன். காலையில் ஒரு விலை, வெயில் ஏறி மீன் கண் சிவக்க இன்னொரு விலை. தொண்டை கிழியக் கூவுவார்கள், நான் பேசாமல் நிற்பேன், விலை இறங்கும். அவன் சொல்லும் சந்தையிலோ கூவுகிற ஆளே இல்லை, முகம் பார்க்க ஆளே இல்லை. அப்படி ஒரு சந்தையை நான் எங்கும் கண்டதில்லை.

அன்று அவன் அமெரிக்காவில் வீடுகளின் விலை ஏறி விழுந்த கதையைத் தாய்க்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான். "ஒருத்தரும் கெட்டவர் இல்லை அம்மா. ஒருத்தர் கொஞ்சம் கூடக் கேட்டார், மற்றவர் இன்னும் கொஞ்சம் கூடக் கேட்டார், அவ்வளவுதான். கடைசியில வீட்டில இருந்த சனத்தாலை கடனைக் கட்ட ஏலாமல் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு?" என்றார் சின்யோரா.

"என்னையும் ஒருக்கால் இப்பிடித்தான் ஏலத்தில வித்தவை" என்றேன், எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில்.

சின்யோரா நெஞ்சில் சிலுவை போட்டார். மகன் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டான். அவர்கள் நினைத்த மாதிரி ஒன்றும் இல்லை என்று சொல்லி முடிக்கவே பாஸ்தா ஆறிவிட்டது. அன்று என் இத்தாலியனில் பாதி கொட்டுண்டு போனதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் கிராமச்சபைத் தேர்தல் வந்திருந்தது. ஒரு பக்கம் என் மாமா, அம்மாவின் தமையன், சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மற்றப் பக்கம் சங்கக்கடை மனேச்சர். கூப்பனுக்கு அரிசியும் சீனியும் தருகிற கடைதான் சங்கக்கடை. மாமா சொன்னார், சங்கக்கடையில் தூங்குகிற எலியைத்தான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து வளர்க்கிறோம், அதை மூடி ஊருக்குப் பத்துக் கடை வரவிட்டால் போட்டியில் விலை தானாக விழும் என்று. மனேச்சர் சொன்னார், முதலாளிமாரை நம்பினால் ஏழைக்குச் சாக்கின் அடியில் கிடக்கிற கல்லுத்தான் மிஞ்சும் என்று. இரண்டு பேரும் நம்பித்தான் சொன்னார்கள். இப்போதும் தொலைக்காட்சியில் இதையேதான், நல்ல கோட்டுப் போட்டுச் சொல்கிறார்கள்.

அந்த வருஷம் எனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து, தலைமயிர் எல்லாம் கொட்டி, பிழைக்க மாட்டேன் என்று வைத்தியம் பார்த்த பரியாரியார் கையை விரித்துவிட்டார். எனக்கு முன்னம் பிறந்த இரண்டு பிள்ளைகளையும் அம்மா மண்ணுக்குக் கொடுத்தவர். ஐயா என்று நான் கூப்பிடும் அப்பா தெற்கே ஒரு சுருட்டுக்கடையில் வேலைக்கு நின்றார், வருஷத்துக்கு இரண்டு தரம் வருவார். தனியாக இருந்து அம்மா ஊர் அம்மனான அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைத்தார். பிள்ளை எழும்பினால் அதைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டு, மடிப்பிச்சை எடுத்த காசில் திரும்ப வாங்குவேன் என்று.

இது எங்கள் பக்கத்தில் நடக்கிறதுதான். பிள்ளையைத் தெய்வத்துக்கு விற்று வாங்கினால், பழைய வீட்டின் கெட்ட காலம் அதோடு போய்விடும். வாங்குகிற காசு தாய் சேலைத் தலைப்பை ஏந்தி வீடு வீடாகப் போய் எடுத்த பிச்சையாக இருக்க வேண்டும். வீட்டுக் காசு ஆகாது, கடன் ஆகாது, மற்றவர் வாங்கித் தந்தாலும் ஆகாது; அப்படி வந்த பிள்ளை தங்காது என்பார்கள். திருவிழா முடிந்து நேர்த்திச் சாமான்களை ஏலம் கூறும்போது பிள்ளையும் அங்கே நிற்கும். தாய் ஒரு விலை சொல்லுவாள். அதற்கு மேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லி வைத்ததும் இல்லை. யார்தான் கேட்பார்கள்?

என்னை ஒரு பூசணிக்காய்க்கும் கால் கட்டிய சேவலுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். மொட்டைத் தலையில் சந்தனம், புதுப் பாவாடை. தேர்தலுக்கு நாலைந்து நாள் கிடந்தது. கோயில் வீதி முழுக்கச் சனம், இரண்டு கட்சியும் தங்கள் ஆட்களோடு வந்து நின்றது. ஏலம் கூறுகிறவர் பகிடிக்காரர்.

"அம்மாளின்ரை பிள்ளை! பல்லு விழுந்து முளைக்குது, இனித்தான் தீனி கூட! ஆர் கேக்கிறியள்?"

"ரண்டு ரூவா" என்றார் அம்மா. சேலை முடிச்சில் அவ்வளவுதான் இருந்தது.

"ஒருதரம்…"

"அஞ்சு!" என்று மாமாவின் குரல் கேட்டது. "என்ரை மருமேள் என்ன கத்தரிக்காயே, ரண்டு ரூவாய்க்குப் போறதுக்கு?"

சனம் சிரித்தது. மாமா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. காசு அம்மாளுக்குப் போகிறது, பிள்ளையைத் தூக்கித் தங்கச்சியின் கையில் கொடுக்கப் போகிறார், ஊரும் பார்க்கும். யாருக்கு என்ன நட்டம்? மடிப்பிச்சைக் காசுதான் வேண்டும் என்ற பெண்டுகளின் கணக்கு அவருக்குத் தெரியவும் இல்லை, தெரிந்திருந்தாலும் அந்த நேரம் ஞாபகம் வந்திராது.

"ஆறு!" என்றார் மனேச்சர் மற்றப் பக்கத்திலிருந்து. "பிள்ளை ஊருக்குப் பொது. கடைக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை."

கைதட்டல். மாமா எட்டு என்றார். மனேச்சர் ஒன்பது என்றார். அவரும் என்னை அம்மாவிடம் கொடுக்கத்தான் நினைத்திருப்பார். கோயிலுக்கு வருமானம் என்று ஏலம் கூறுகிறவருக்கு வாய் கொள்ளாத புளுகம். விலை கூடக் கூட அவர் இழுத்து இழுத்துக் கூறினார். பக்கத்தில் நின்ற சேவல் ஒன்றேகால் ரூபாய்க்குத்தான் போயிருந்தது. நான் நிமிர்ந்து நின்றேன். மனேச்சர் வெல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் அம்மாளாச்சியைக் கும்பிட்டேன், ஏனென்றால் சங்கக்கடையில் சீனி மூட்டைகள் என் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன.

"இன்னும் கேளுங்கோவன்!" என்று கத்தினேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

இந்த இடத்தில் சின்யோராவின் மகன் மேசையில் விரலால் தட்டி, "பாத்தீங்களோ, விலை மேலை ஏறுது. இரண்டு பேருக்கு வேணும், பொருள் ஒண்டு" என்றான்.

"வாயைப் பொத்து" என்றார் சின்யோரா. "தாய் எங்கை? தாய் என்ன செய்யிறா?"

எனக்கு அந்தக் கேள்வி பிடித்தது. கோயில் வீதியில் அப்படிக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

இரண்டு ரூபாயோடு அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். ஆம்பிளைகள் நடுவில் தமையனை எதிர்த்துக் குரல் எழுப்புகிற காலம் அதுவல்ல. விலை பதினாலுக்குப் போனபோது அவர் முன்னுக்கு வந்து, எனக்குப் பக்கத்தில் மணலில் சப்பாணி கட்டி இருந்தார். சேலைத் தலைப்பை விரித்து மடியில் போட்டார்.

"அம்மாளாச்சிக்கு மடிப்பிச்சை போடுங்கோ" என்றார்.

சிரிப்பு நின்றுபோனது. மாமா கிட்ட வந்து குனிந்து, "எழும்பு தங்கச்சி. விசரே உனக்கு? எலெக்சன் நேரம், சனம் பாக்குது" என்றார்.

"பாக்கட்டும் அண்ணை."

முதலில் வந்தது மாமி. மாமாவின் பெண்சாதி. புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் காசு வைக்கிற கொட்டப்பெட்டியை அம்மாவின் மடியில் கவிழ்த்துவிட்டுப் போனார். பிறகு மனேச்சரின் மனைவி. பிறகு கச்சான்கடலை விற்கிற மனிசி ஒரு கை அள்ளிப் போட்டாள், சில்லறையோடு கச்சானும் விழுந்தது. பிறகு யார் யார் என்று எனக்குத் தெரியவில்லை, சேலைகள் மட்டும்தான் தெரிந்தன. இந்தக் கட்சி அந்தக் கட்சி என்று அந்தச் சேலைகளில் எழுதியிருக்கவில்லை.

அம்மா மடியைச் சேர்த்துப் பிடித்தபடி எழும்பினார்.

"கேக்கிறன்" என்றார்.

"எவ்வளவு, பிள்ளை?" என்று அம்மாவைக் கேட்டார் ஏலம் கூறுகிறவர்.

"கிடக்கிறது முழுக்க."

"அது ஒரு விலையோ? எண்ணிச் சொல்லும்."

"எண்ண மாட்டன். கிடக்கிறது முழுக்க."

ஏலம் கூறுகிறவர் மாமாவைப் பார்த்தார். மாமா வாயைத் திறந்தார். பதினாலுக்கு மேல் பதினைந்து கேட்கலாம், முழுக்கவுக்கு மேல் என்ன கேட்பது? மனேச்சர் கூட்டத்துக்குள் தன் மனைவியைத் தேடினார். ஒருதரம் இரண்டுதரம் மூன்றுதரம் என்று ஒரே மூச்சில் கூறி முடித்து, ஏலம் கூறுகிறவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா மடியை அப்படியே சந்நிதியில் அவிழ்த்துக் கொட்டினார், கச்சானும் சேர்த்து.

"அது ஏலமே இல்லை" என்றான் சின்யோராவின் மகன். "ஒழுங்கை மீறின விஷயம்."

சின்யோரா மேசையில் கையால் அடித்து, "பிராவா!" என்றார். ஊரில் யார் வென்றது என்று மகன்தான் கேட்டான். மாமாதான் வென்றார். அம்மாவும் அவருக்குத்தான் போட்டார், தமையன் அல்லவா. வென்றபின் அவர் சங்கக்கடையை மூடவில்லை. ஒழுகின கூரைக்கு ஓடு போட்டுக் கொடுத்தார், தன் கடையையும் பெருப்பித்தார். தேர்தலுக்கு முதல் சொன்னதை அவருக்கு ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான் முடியும் என்றேன். மெலிந்தவரின் தாய் அவரைச் சிரமப்பட்டு வளர்த்தவராம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அதுதான் அவரைப் பிடித்ததற்கு என் இரண்டாவது காரணம். அதையும் சொன்னேன். மகன் தலையை ஆட்டினான், ஒத்துக்கொண்டானா விட்டுவிட்டானா தெரியாது. மெலிந்தவர் வென்ற செய்தி வந்த காலையில் சின்யோரா, வைத்தியர் வேண்டாம் என்றதையும் மீறிக் கோப்பியில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்தார். எனக்கும் போட்டார்.

ஏலத்துக்கு மறுநாள் நடந்ததை அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இத்தாலியன் போதவில்லை.

கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். பதினாலு ரூபாய்க்குப் போன என்னை, எவ்வளவு என்றே தெரியாத விலைக்கு அம்மா வாங்கிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கேட்டால் நான் என்ன சொல்வது? எவ்வளவு இருந்திருக்கும் என்று நச்சரித்தேன். அம்மா ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இறக்கிவிடு என்று நான் உதைக்க உதைக்க நடந்தார்.

மறுநாள் விடிய மாமா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். அம்மா அவருக்குத் தேத்தண்ணியும் பனங்கட்டியும் வைத்தார். குடித்து முடிக்கும் மட்டும் இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் எடுத்திருந்தாலும் உன்ரை கையிலதானே பிள்ளையைத் தந்திருப்பன்."

"தெரியும் அண்ணை. அதுக்குத்தான் பயந்தனான்."

மாமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். தருகிறேன் என்று சொல்கிற ஆளுக்கு அம்மா ஏன் பயப்பட வேண்டும்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மாமாவுக்கு மேல்நோக்கி முறுக்கிய பெரிய மீசை ஒன்று இருந்தது. அந்த மீசைக்குத்தான் அம்மா பயந்தார் என்று நான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.