மொட்டைமாடியில் நின்ற தண்ணீர்

நவம்பர் பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தால், துபாயில் குளிர்காலம் தொடங்கிவிட்டது என்று எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். பர் துபாயில் நான்கு மாடிக் கட்டடம் அது. எங்கள் வீடு மூன்றாவது மாடியில். அப்பா ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எஞ்சினியர். வாரம் ஆறு நாள் அடுத்தவர்களின் குழாய்களைப் பார்த்துவிட்டு, ஏழாவது நாள் ஆசைக்காகக் குழாய் பார்க்கிறவர் என்று அம்மா சொல்லுவாள். அதில் பாதி பெருமையும் இருந்தது.

கோடை முழுவதும் ஹீட்டருக்கு வேலை இருக்காது. மொட்டைமாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்த தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே கையைச் சுடும். அணைத்துவைத்த ஹீட்டருக்குள் நிழலில் கிடக்கும் தண்ணீர்தான் குளிக்கத் தோதாக இருக்கும். நவம்பரில் இது தலைகீழாகும். அப்போது யாரும் ஹீட்டர் சுவிட்சைச் சும்மா தட்டிவிடக் கூடாது. முதலில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, ஹீட்டருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் தங்கிய உப்பைக் கழுவிவிட வேண்டும். மேலே இருக்கும் வால்வின் காது போன்ற பிடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அது இறுகியிருந்தால் ஹீட்டர் வெடிகுண்டு மாதிரிதான் என்பார் அப்பா. இதையெல்லாம் கேட்டவர் வீட்டிலும் கேட்காதவர் வீட்டிலும் செய்துகொடுத்தார். சமையலறைக்குள் போனால் பெண்களுக்குத் தனியாக ஒரு பிரசங்கம் இருக்கும். குளிரில் தேங்காயெண்ணெயும் நெய்யும் உறைந்து குழாயை அடைத்துவிடும், அதனால் ராத்திரி பாத்திரம் கழுவியபின் ஒரு கெட்டில் வெந்நீர் ஊற்றுங்கள் என்று. ஊற்றுகிறோம் என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். எங்கள் வீட்டில்கூட அம்மா ஊற்றி நான் பார்த்ததில்லை.

கடைசியாக மொட்டைமாடி. நாத்தூர் என்று எல்லாரும் கூப்பிடும் வாட்ச்மேன் அந்தக் கதவைப் பூட்டுவதே இல்லை. மழைத் தண்ணீர் போவதற்கு மாடியின் ஒரு மூலையில் ஒரு குழாய் வாய் இருந்தது. வருஷம் முழுவதும் மணலும் புறாச் சிறகும் அதில் சேரும். அப்பா சல்லடை மூடியைக் கழற்றி, முழங்கைவரை கையை விட்டு அள்ளிப் போடுவார். பிறகு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, அது கடகடவென்று இறங்கும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்பார். துபாயில் மழை வருஷத்துக்கு நான்கைந்து நாள்தான். ஆனால் அந்த நாலு நாளுக்குத்தான் இந்தக் குழாய், மறந்துடாதே என்று என்னிடம் சொல்லுவார். நான் மறக்கவில்லை. அதுதான் பிறகு நடந்ததற்குக் காரணமாயிற்று.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருஷம் லீவுக்குத் திருச்சி போயிருந்தபோது, சித்தப்பா பிள்ளைகள் முற்றத்துத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். லீவின் கடைசி நாள்தான் மழை நன்றாகப் பிடித்தது. அன்றைக்கே எங்களுக்கு ஃப்ளைட், நான் ஒரு கப்பல்கூட விடவில்லை. அந்த ஏமாற்றத்தோடு துபாய்க்குத் திரும்பியவனுக்கு ஒரு மழை பாக்கி இருந்தது.

எங்களுக்கு நேர் மேலே, மொட்டைமாடிக்கு அடியில் இருந்த வீட்டில் யாழ்ப்பாணத்து மாமாவும் மாமியும் இருந்தார்கள். மாமா ஒரு ஷிப்பிங் ஆபீசில் டைப்பிஸ்ட். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அப்பாவை மாமா ‘அண்ணை’ என்பார். என்னைத் ‘தம்பி’ என்பார். டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மாமா கையில் ஒரு கவரோடு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார். கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் மாமாவின் அம்மா கொடுத்தனுப்பிய கவர். உள்ளே ஒரு கடிதமும் ஒரு போட்டோவும். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞர், வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கியபடி நின்றார். அது மாமாவின் தம்பி.

“இது ஒண்டுதான் மிஞ்சினது அண்ணை. மற்றப் படமெல்லாம் வீட்டோட எரிஞ்சு போட்டுது” என்றார் மாமா. “சனிக்கிழமை ஸ்டூடியோவில குடுத்து அஞ்சாறு பிரதி எடுக்கோணும். விசாரிக்கிற எல்லா இடத்துக்கும் படம் வேணுமாம்.”

“இன்னைக்கே கடை திறந்திருக்குமே?” என்றார் அப்பா.

“பூட்டுற நேரமாச்சு. ஒரு நாள்தானே.”

ஊரில் நடந்த சண்டையில் மாமாவின் தம்பியைக் காணவில்லை என்பது எனக்கும் தெரியும். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசும்போது காதில் விழுந்தது. காணாமல் போனவர்கள் கிடைத்துவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். மீனா பஜாரில் நான் ஒருமுறை தொலைந்து, புடவைக் கடை வாசலில் கிடைத்தவன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, லீவு. ஷார்ஜாவில் அப்பாவின் நண்பர் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாமாவும் மாமியும் எங்கள் காரிலேயே வருவதாக ஏற்பாடு. காலையில் எழுந்தபோது வானம் கறுத்திருந்தது. பத்து மணிக்குத் தூறல் விழுந்தது. அம்மா புடவை கட்டிக்கொண்டிருந்தாள், அப்பா ஷேவ் செய்துகொண்டிருந்தார். நான் மொட்டைமாடிக்கு ஓடினேன். விழுந்த தண்ணீரெல்லாம் சரிவில் ஓடி, அப்பா சுத்தம் செய்துவைத்த வாயில் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. கப்பல் விட ஒரு கை அளவு தண்ணீர்கூட நிற்கவில்லை. கீழே வந்து, தரை துடைக்க அம்மா போட்டுவைத்திருந்த என் பழைய பள்ளிச் சட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். அதை முறுக்கிக் குழாய் வாய்க்குள் திணித்து, காலால் மிதித்து இறுக்கி, சல்லடையை எடுத்த மாதிரியே மேலே வைத்தேன். நாங்கள் திரும்பி வரும்போது அங்கே ஒரு குளம் இருக்கும்.

கார் கிளம்பும்போது மழை வலுத்துவிட்டது. முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் மாமா. பின்னால் அம்மாவுக்கும் மாமிக்கும் நடுவில் நான். கொஞ்ச தூரம் போனதும் மாமா கேட்டார்.

“அண்ணை, இந்த மழைக்குத் தண்ணி உள்ளுக்கு வராதே? அன்டெனா வயர் இறங்கிற ஓட்டை எங்கட அறைக்கு மேலதானே கிடக்கு.”

“அந்த ஓட்டை தரையிலிருந்து ரெண்டு விரல் உசரத்துல இருக்குங்க. அவ்வளவு தண்ணி அங்க நிக்கவே நிக்காது. போன மாசம் நானே கைய விட்டு சுத்தம் பண்ணேன்.”

“அல்மாரிக்கு மேலதான் கடிதமும் படமும் கிடக்கிற சூட்கேசை வச்சனான். இறக்கி வச்சிட்டு வந்திருக்கலாம்” என்றாள் மாமி.

“வேணும்னா திரும்பிப் போயிடலாமா?” என்று அப்பா காரை மெதுவாக்கினார். “ஆனா அவசியமே இல்ல. அந்தக் குழாய்க்கு நான் கேரண்டி.”

மாமா சிரித்தார். “நீங்கள் சொன்னாப் பிறகென்ன. போவம்.”

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். காரைத் திருப்ப அங்கே இடமும் இருந்தது. அடி விழும் என்ற பயம் கொஞ்சம் உண்டு. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், பயத்தைவிட எனக்கு அந்தக் குளத்தின் மேல் ஆசை அதிகம். சொன்னால் அடைப்பை எடுத்துவிடுவார்கள். மாமியின் புடவையில் இருந்த பூக்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாடு முடிந்தும் மழை விடவில்லை. ஷார்ஜா ரோடுகளில் தண்ணீர் டயர் பாதிக்கு நின்றது. வழியில் கார்கள் செத்துக் கிடந்தன. அரை மணி நேரப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் வீடு வந்து சேர்ந்தோம். படிக்கட்டில் தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அப்பா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இரண்டிரண்டு படியாக மேலே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

என் குளம் அங்கே இருந்தது. நான் நினைத்ததைவிடப் பெரிதாக, மூலையில் கணுக்கால் அளவுக்கு நின்றது. அப்பா பேன்டோடு அதில் இறங்கி, மண்டியிட்டு, சல்லடையைத் தூக்கிக் கையை விட்டார். கொஞ்ச நேரம் இழுக்க வேண்டியிருந்தது. சட்டை வெளியே வந்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. அப்பா சட்டையைப் பிழிந்தார். பிறகு அதை விரித்தார். மார்புப் பையில் தைத்திருந்த பள்ளி முத்திரை இருட்டத் தொடங்கிய வெளிச்சத்தில் எனக்கே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. சட்டையைச் சுருட்டித் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டு கீழே இறங்கினார்.

மாமாவின் படுக்கையறையில் தண்ணீர் வயரின் வழியே இறங்கி அல்மாரி மேல் விழுந்துகொண்டிருந்தது. சூட்கேசைக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். அதைச் சாய்த்தபோது ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. மாமி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

“தப்பு என்னோடதுதான்” என்றார் அப்பா, வாசற்படியிலேயே நின்று. “அடைப்ப சரியா எடுக்காம விட்டுட்டேன். நான்தான் உங்கள தைரியமா கூட்டிட்டுப் போனேன்.”

“விடுங்கோ அண்ணை. இப்பிடி மழை பெய்யுமெண்டு ஆர் கண்டது.”

மாமா அதைச் சொல்லும்போது அப்பாவைப் பார்க்கவில்லை. சூட்கேசிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்றைக்கு இருந்ததெல்லாம் நிம்மதிதான். அப்பா சட்டையை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, தரை துடைக்கும் துணி ஒன்று காற்றில் பறந்து போய் அடைத்துக்கொண்டது என்று நினைத்துவிட்டார் என்று முடிவு செய்தேன். அந்தச் சட்டை பிறகு வீட்டில் எங்கும் தென்படவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்த நவம்பரில் அப்பா எங்கள் வீட்டு ஹீட்டரை மட்டும் பார்த்தார். இரண்டாவது மாடியிலிருந்து கூப்பிட வந்தவர்களிடம், “கம்பெனியில வேலை ஜாஸ்தி, நாத்தூர்கிட்ட சொல்லிப் பாருங்க” என்றார். மொட்டைமாடிக்கு நாத்தூர் யாரையோ கூட்டிவந்தான், அந்த ஆள் குழாய் வாயில் கம்பியால் நாலு குத்துக் குத்திவிட்டுப் போனான். அப்பாவின் வேலை நிஜமாகவே கூடிவிட்டது என்று நான் நம்பினேன். கட்டடத்தில் யாருடைய குழாய் பற்றியும் அவர் அதற்குப் பிறகு உறுதி சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவர் இருந்த முப்பது வருஷத்துக்கு மேல் அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பேசியிருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் நிறைய வந்தன. இருவரும் ஒரே அறையில், ஒரே டிவியைப் பார்த்துக்கொண்டு, எத்தனையோ சாயங்காலங்கள். அவர் போய் இப்போது ஆறு வருஷம்.

மாமாவும் மாமியும் இரண்டு வருஷம் கழித்துக் கனடா போனார்கள். அவர்களுடைய ஃபோன் நம்பர் அம்மாவின் நோட்டில் இன்னும் இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் அம்மா பேசுவாள். ஒவ்வொரு முறையும் என்னிடம் ரிசீவரை நீட்டுவாள். நான் நலம் விசாரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மாமாவின் தம்பி கிடைக்கவில்லை. படம் இருந்திருந்தால் கிடைத்திருப்பார் என்று யாரும் சொன்னதில்லை. அப்படித் தேடிய எத்தனையோ பேர் கையில் படம் இருந்தது என்பதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அது எனக்கு ஒன்றும் உதவவில்லை. அவருடைய அம்மா கடல் தாண்டிக் கொடுத்தனுப்பிய முகம் அது, அந்த வீட்டில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

அந்த மழை விட்ட மூன்றாம் நாள் அம்மா என்னிடம் ஒரு தூக்கில் சாம்பார் கொடுத்து மேலே அனுப்பினாள். மாமா வீட்டு ஹாலில் குறுக்காகக் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுக் கடிதங்களைக் காயவைத்திருந்தார்கள். ஃபேன் ஓடியது. மாமி ஒரு அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஒட்டிக்கொண்ட கல்யாணப் படங்களை விரல் நுனியால் பிரித்துக்கொண்டிருந்தாள். மாமா ஜன்னல் ஓரத்தில் நின்றிருந்தார். அவர் கையில் அந்தப் போட்டோ. கடிதத்தோடு ஒட்டிப்போனதைப் பிரித்திருக்கிறார்கள். சைக்கிள் நன்றாகவே இருந்தது. அதைப் பிடித்திருந்த கைகளும் இருந்தன. கழுத்துக்கு மேலே கடிதத்தின் நீல மை மட்டும் பரவியிருந்தது.

எனக்குப் பாவமாக இருந்தது. என்னால் முடிந்த நல்லதைச் செய்ய நினைத்தேன். அந்த வயதில் அது மிகச் சரியான யோசனையாகவே பட்டது.

“உங்க தம்பிகிட்ட வேற போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க மாமா” என்றேன்.

மாமியின் கை பாத்திரத்துக்குள் அப்படியே நின்றது. மாமா என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து என் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டார்.

“ஓம் தம்பி” என்றார். “அவனைக் கண்டா, சொல்லுவம்.”

நான் படிகளில் குதித்துக்கொண்டு இறங்கினேன். மாமா இன்னொரு போட்டோ கேட்கப் போகிறார் என்று அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் திரும்பி நின்றுகொண்டு, வெகு நேரம் என் பக்கம் பார்க்காமலே நறுக்கினாள். வெங்காயம் காரம் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.