கல்லாற்றில் அண்ணனோடு இருந்தவர்கள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் அண்ணனின் உடன்பிறந்தவன் அல்ல. தம்பானூர் டிராவல்ஸ் ஆபீசில் எட்டு வருடம் அவரோடு வேலை பார்த்தவன். அங்கே எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். எழுதச் சொன்னது அண்ணி. "நீதானேப்பா படிச்சவன், நீயே எழுது" என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுத்து வேலை எதுவானாலும் என்னிடம்தான் வரும். இந்த வேலை வராமலே இருந்திருக்கலாம்.

அண்ணன் பிறந்தது செங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினேழு வயதில் ஓட்டல் வேலைக்கென்று ரயிலேறித் தம்பானூரில் இறங்கினார். லாட்ஜில் தங்கிய வடநாட்டுக்காரர்களிடம் பேசிப் பேசியே இந்தி கற்றுக்கொண்டார். அந்த இந்திதான் அவரை எங்கள் ஆபீசில் டூர் மேனேஜர் ஆக்கியது. காசி, பத்ரி, துவாரகை, காமாக்யா என்று போகாத இடமில்லை. ஆனால் ஓரிடத்துக்கும் அவர் பயணியாகப் போனதில்லை. பஸ்ஸில் அவர் உட்கார்ந்து பார்ப்பதே அபூர்வம். தோள்பையில் ஒரு விசில், மாத்திரைகள், இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு. "கோயில் வாசல்ல எவனாவது செருப்பைத் தொலைச்சுட்டு நிப்பான் தம்பி. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு நான் எப்படிச் சாமி கும்பிடறது?" என்பார்.

குறையும் உண்டு. "இன்னும் பத்தே நிமிஷம்" என்று சொல்லியே இரண்டு மணி நேரம் ஓட்டுவார். கோபம் வந்தால் தமிழ், மலையாளம், இந்தி என்று மூன்று மொழியிலும் திட்டுவார். பிறகு திட்டு வாங்கியவனுக்கே டீ வாங்கித் தருவார்.

இத்தனை ஊர் சுற்றியவர் இறந்தது பொன்முடிக்குப் போன ஒருநாள் டூரில், வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில். வந்திருந்தவர்கள் இந்த நகரத்தின் ஒரு குடியிருப்போர் சங்கத்தார், நாற்பது பேர். பெயர் வேண்டாம், அவர்களுக்கே தெரியும். முன்பு காசிக்கும் எங்களோடுதான் வந்தார்கள். அங்கே சங்கச் செயலாளரின் தகப்பனாரைப் படித்துறைப் படிகளில் முதுகில் சுமந்து ஏற்றியவர் அண்ணன். "நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்" என்று அன்று பொன்னாடை போர்த்தினார்கள்.

மதியம் ஆபீஸ் போன் அடித்தது. செயலாளர். "உடனே வேற ஆளை அனுப்பணும், கேட்டோ. உங்க கைடு இங்கே மலையடிவாரத்தில, கல்லாற்றில நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்துட்டாரு. மேல போற செக்போஸ்ட் அடைச்சா நாங்க பின்னே என்ன செய்யும்?"

"சரி சார், ஏற்பாடு பண்றேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. எட்டு வருடப் பழக்கம். அவர் சொன்னது அண்ணனைப் பற்றி என்று போனை வைத்த பிறகே உறைத்தது. அந்தச் 'சரி சார்' என்னுடையது. மற்றவர்களைப் பற்றி எழுதுமுன் இதை எழுதிவிட வேண்டும்.

பைக்கில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அண்ணன் உயிரோடு இல்லை. பக்கத்தில் இரண்டே பேர் நின்றார்கள். கல்லாற்றில் டீக்கடை வைத்திருக்கும் சேச்சி ஒருவர், ஜீப் ஓட்டி வந்த ஒருவர். "ஒற்றைக்கு விட்டில்ல மோனே" என்றார் சேச்சி. தனியாக விடவில்லையாம். சங்கத்தார் ஒருவரைக்கூட அங்கே காணவில்லை.

நடந்ததைப் பிறகு பஸ் டிரைவர் சொன்னார். அண்ணனை ஜீப்பில் ஏற்றியபோது, "சாரே, நானும் கூடப் போறேன்" என்று அவர் இறங்கியிருக்கிறார். செயலாளர் விடவில்லை. "ஜீப்பில ஆள் உண்டல்லோ. நீயும் போனா எங்களை மேல ஆரு கொண்டுபோவா?" பஸ் மலை ஏறியது. பாதி வளைவுகள் ஏறியிருந்தபோது ஜீப்காரரின் போன் வந்தது: அண்ணன் போய்விட்டார். பஸ்ஸில் ஓர் அம்மாள் கேட்டாராம்: "சாயங்காலம் கோயிலுக்குப் போகணுமே, நமக்குத் தீட்டு உண்டோ?"

"நமக்கு அவர் என்ன உறவா? டிராவல்ஸ் ஆள்தானே. தீட்டொண்ணும் கிடையாது" என்றாராம் இன்னொருவர்.

"அப்போ அந்த லெமன் சாதம் சாப்பிடலாம், அல்லே?"

சாப்பிட்டார்கள். அது அண்ணி விடிகாலையில் எழுந்து கிண்டிக் கொடுத்த சாதம். பனிமூட்டத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது. கழுவியிருந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, "நாங்க எல்லாரும் கடைசி மூச்சு வரைக்கும் கூடவே இருந்தோம்" என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அண்ணி அதைக் கிட்டத்தட்ட ஒரு வருடம் நம்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் இந்த மலருக்கென்று செயலாளர் எனக்கு ஒரு குரூப் போட்டோ அனுப்பினார். கீழே ஒரு வரி: 'இறுதிப் பயணத்திலும் உடனிருந்தோம்.' அன்றே அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் அவங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேனேப்பா" என்றார் அண்ணி. பிறகு, "அப்போ யாருதான் கூட இருந்தது?"

சேச்சிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் கேட்டது. மடியில் தலையை வைத்துக்கொண்டதை, முந்தானையால் வியர்வை துடைத்ததை, வளைவுகளில் ஜீப் ஆடாமல் வந்ததைச் சேச்சி சொன்னார்.

"அவங்க ஏதாவது பேசினாங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"ஒண்ணு மட்டும் கேட்டாரு. எல்லாரும் வண்டியில ஏறியாச்சோன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏறியாச்சு அண்ணா, ஒருத்தரும் பாக்கி இல்ல, நீங்க கண்ணை மூடிக்கோங்கன்னு சொன்னேன்."

அண்ணி அப்போதுதான் அழுதார். "இதை எழுதுப்பா" என்றார். எழுதிவிட்டேன்.

ஜீப் ஓட்டிய நண்பருக்கும், தன் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்த சேச்சிக்கும் எங்கள் நன்றி. சங்கத்தார் அனுப்பிய போட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டோம். கடைசியில் அண்ணன் தனியாக இல்லை என்று அண்ணி இனியும் சொல்லலாம். இந்த முறை அது உண்மை.