மை பூசாத இருபத்தாறு கட்டங்கள்

வெள்ளைப் பருத்திக் கையுறை போட்ட இடது கை படச்சுருளை இழுத்துப் பிடித்திருந்தது. வலது கை அதன் மேல்பூச்சைச் சின்னக் கத்தியால் சுரண்டி, ஒரு சொட்டுப் பசை வைத்து, மறு துண்டை மேலே அழுத்தியது. பத்து எண்ணும்வரை இரு கைகளும் அசையவில்லை.

கைகள் கமலினியுடையவை. மதராஸிலிருந்து கணவர் சுந்தரராஜனுக்கு மொன்ட்ரியாலில் பல்கலைக்கழக வேலை கிடைத்ததால் வந்தவர், பழைய கையேடுகளைப் படித்தே இந்த வேலையைக் கற்றுக்கொண்டார். ஆறு வருடமாக ரோலானின் கம்பெனி வாடகைக்கு விடும் படங்களை அவர்தான் செப்பனிடுகிறார்.

1974 மார்ச்சில் வந்தது ஓர் ஆஸ்திரேலியப் படம். சொற்பச் செலவில் எடுத்தது. துறைமுகத்தில் வேலை செய்யும் அண்ணன் ஒரு காவலாளியைக் கொன்றுவிடுகிறான். அம்மா அவன் சட்டையைத் துவைத்துக் காயப்போடுகிறாள். வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள, தம்பி மட்டும் போலீசிடம் போகிறான். அண்ணன் பிடிபட்ட பிறகு அவனிடமே அதை ஒப்புக்கொள்கிறான்; படம் பார்ப்பவர்களுக்கும் அப்போதுதான் அது தெரியவரும்.

"அந்த ஒப்புக்கொள்ளும் காட்சியைத் தூக்கிவிடுங்கள், மதாம்," என்றார் ரோலான். "காட்டிக்கொடுப்பவனைப் பார்க்க யார் வருவார்கள்? எனக்கு வீட்டில் மாமியார் இருக்கிறாள், அது போதும்."

"அண்ணன் எப்படிப் பிடிபட்டான் என்று புரியாதே?"

"போலீஸ் கண்டுபிடித்ததென்று நினைத்துக்கொள்வார்கள். கெட்டிக்காரப் போலீஸ்!"

கமலினி சிரிக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு, மொன்ட்ரியால்-நோர் பகுதியில் பனியில் தெருவைக் கடந்த கிழவர் ஒருவரைக் காரால் இடித்துவிட்டு நிற்காமல் வந்தான் அவருடைய தம்பி ஆனந்தகிருஷ்ணன். அந்த நேரத்தில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகப் போலீசிடம் சொன்னான். கிழவர் இறந்துபோனார். விசாரிக்க வந்தவரிடம் கமலினி சொன்னது ஒரே வரி: "அன்று அவன் இங்கே வரவில்லை."

தம்பி சிறைக்குப் போனதும் அவன் மனைவி பத்மா ஒரு தடவை போன் செய்தாள்.

"உங்க வீட்டுக்காரர் இடிச்சிருந்தா இப்படிச் சொல்லியிருப்பீங்களா, அக்கா?"

"தெரியல, பத்மா."

அதன் பிறகு கொலுவுக்குத் தாம்பூலம் வாங்கிக்கொள்ளக்கூட யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

காட்சியை வெட்டி எடுத்தார். ஒட்டு தெரியவில்லை. ஆனால் இந்தப் படச்சுருளில் ஒலி, படத்துக்கு இருபத்தாறு கட்டம் (ஃபிரேம்), அதாவது சுமார் ஒரு நொடி, முந்தி, முன்காட்சியின் ஓரத்திலேயே பதிந்திருக்கும். காட்சி போனாலும் அதன் முதல் நொடிப் பேச்சு மிஞ்சி, அடுத்த காட்சியின்மேல் கேட்கும். ஒலித்தடத்தின்மேல் கறுப்பு மை பூசி அதை அழிப்பது வழக்கம்.

ஓட்டிப் பார்த்தார். அம்மா மேஜையில் தட்டு வைக்கிறாள். தம்பியின் குரல்: "நான்தான் சொன்னேன்."

தூரிகையை மையில் தோய்த்தார். சுருளுக்கு மேலே பிடித்திருந்தார். மை தூரிகையிலேயே காய்ந்துபோனது. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, வேலை அட்டையை எடுத்து எழுதினார்.

மறுநாள் காலை ரோலான் வந்தார்.

"ஒரு நொடிக் குரல் மிச்சமிருக்கிறது. மை பூசவில்லை. அட்டையில் எழுதியிருக்கிறேன்," என்றார் கமலினி.

"மறந்துவிட்டீர்களா?"

"இல்லை."

ரோலான் அட்டையைப் படித்தார். "வேறு ஆளை வைத்துப் பூசிக்கொள்வேன், மதாம். அடுத்த படமும் அந்த ஆளுக்குத்தான் போகும்."

"சரி."

தகரப் பெட்டியை மூடி, விளிம்பைச் சுற்றி நாடா ஒட்டி, இரண்டு கைகளாலும் அவரிடம் கொடுத்தார்.