ரேடியோ வாய் மூடிய ஞாயிறு

"என் வாயை மூட வைக்கிற ஆள் இனிமேதான் பொறந்து வரணும்" என்று பதினோராம் வகுப்பு முழுவதும் சாட்சியாக அறிவித்தவள் ரேடியோ. அது பட்டப்பெயர். பொருத்தத்தில் ஒரே குறை, ரேடியோவை அணைக்க முடியும்.

தொண்டு செய்தால் பொறுமை வரும், பொறுப்பு வரும், கல்லூரியில் இடமும் வரும் என்று பள்ளியில் சொன்னார்கள். கடைசியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு நாய்கள் காப்பகத்தில் சேர்ந்தாள். மிரண்ட நாய்களுக்கு மனிதக் குரல் பழகட்டும் என்று, கூண்டு முன்னால் உட்கார்ந்து எதையாவது உரக்கப் படிப்பது அங்கே ஒரு வேலை. பிறவி எடுத்ததே இதற்குத்தான் என்பதுபோல் ரேடியோ வேதியியல் பாடத்தைப் பிரித்தாள். நாய்கள் குறட்டை விட்டன. ஆனால் அவளுக்கு முதன்முறையாகப் பாடம் புரிந்தது, தேர்விலும் தேறிவிட்டாள். இந்த நன்மையைப் பள்ளியில் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஒருவர் மட்டும் தூங்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த இரண்டு வயதுக் கறுப்பு நாய், ஜமீன்தார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. தலைகாட்டாவிட்டால் வேறு நாயைக் கூட்டிப்போய்விடுவார்கள். ரேடியோ விடுவாளா? பாடம் நடத்தினாள், கொஞ்சினாள், சித்தப்பா வீட்டுச் சண்டையை ஆதியோடந்தமாக விவரித்தாள். ஜமீன்தார் சுவரோடு சுவரானார்.

காப்பகத்து டாக்டரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உன் குரல்ல ஒரு குறையும் இல்லம்மா. இவனை முன்னாடி வச்சிருந்தவங்க கத்திக்கிட்டே அடிப்பாங்களாம். பேச்சுக் கேட்டாலே நடுங்குறான்."

"அப்ப நான் என்னதான் பண்றது டாக்டர்?"

"சும்மா உக்காரு."

மலையைப் புரட்டச் சொல்லியிருந்தால்கூட முயன்றிருப்பாள்.

ஞாயிறு காலை ரேடியோ தரையில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது; உள்ளே நிலையம் முழு வீச்சில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு மூக்கு வந்தது. பிறகு ஒரு காது. கடைசியில் ஜமீன்தார் சகல பரிவாரமுமாக, அதாவது வாலும் உண்ணியுமாக, வந்து அவள் மடியில் தலை சாய்த்தார். பிறக்கவேண்டிய அந்த ஆள் பிறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் குடும்பம் வந்தது. அந்த வீட்டுப் பெண்மணி குனிந்து, "உன் பேரு என்னம்மா?" என்றார். ரேடியோ உதட்டில் விரல் வைத்தாள். அவர் கையைப் பிடித்து நாயின் நெற்றியில் வைத்துவிட்டுத் தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். வால் ஒருமுறை ஆடியது.

ரேடியோவை அழைத்துப்போக வந்திருந்த அவள் அம்மா, ஜமீன்தார் காரில் ஏறுவதை வாசலில் நின்று பார்த்தாள்.

"போயிட்டானாடி?"

ரேடியோ தலையாட்டினாள். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. அம்மா பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.