எண்ணக்கூடாத மெட்டு

1963 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். விட்டு விட்டுத் தூறல். குடையை விரித்தால் நின்றது, மடக்கினால் தொடங்கியது. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஒரு வீட்டின் முன்னறையில் எண்பத்தைந்து ரூபாய் கொடுத்து நான் ஒரு கிட்டார் வாங்கினேன்.

விற்றவர் எங்கள் ஆபீஸில் பக்கத்து செக்‌ஷனில் ஹெட் கிளார்க்காக இருந்து அந்த அக்டோபரில் ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். டிசம்பர் 14ஆம் தேதி அவரும் மனைவியும் மகளிடம் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள். கப்பல் டிக்கெட்டுக்கு மகள் பணம் அனுப்பிவிட்டாள்; கைச்செலவு வீட்டுச் சாமான்களை விற்றுத்தான் வரவேண்டும். பதினான்கு சாமான்களை விலையோடு டைப் அடித்து கேண்டீன் பலகையில் ஒட்டியிருந்தார். ஏழாவது, கிட்டார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு முக்கொம்புக்கு ஆபீஸ் பிக்னிக் போனபோது அவர் அதை வாசிக்கக் கேட்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி ஆறு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழுந்தன. என் வீட்டில் வீணை உண்டு. ஆனால் அது என் மனைவியுடையது. அவளுடைய பிறந்தகத்திலிருந்து வந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில் கம்பிக்கு அடியில் பதித்த மெட்டுகளில் எதில் எந்த ஸ்வரம் என்று எனக்கு மனப்பாடம். தொட மட்டும் அனுமதி இல்லை. எனக்கென்று ஒரு வாத்தியம் வேண்டும் என்ற ஆசை, முப்பத்தாறு வயதில் வரக்கூடாத ஆசைதான், வந்துவிட்டது.

வாங்கும்போதே எனக்கு மூன்று சந்தேகங்கள். நான் எழுபது என்றேன். அவர் சிரித்துவிட்டு எண்பத்தைந்து என்றார். பேரம் பேசாதவர்களை நான் நம்பியதில்லை. இரண்டாவது, கிட்டாரைப் புதிதாகத் துடைத்து மெருகு போட்டிருந்தது. விற்கப்போகும் பொருளை எதற்குத் துடைக்க வேண்டும்? மூன்றாவது, ஊரைவிட்டுப் போகிற மனிதர். நாளைக்கு ஒரு கோளாறு என்றால் எந்த வாசலில் போய் நிற்பது? ஆனாலும் அவர் ஒரு தடவை கம்பிகளை வருடிக் காட்டியதும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதி வீட்டில் கிட்டார்ப் பெட்டியைத் திறந்ததும் மனைவி கேட்டது ஒரே கேள்வி.

"ஏன்னா, என் வீணைக்கு இருபத்துநாலு மெட்டு. இதுக்கு எத்தனை?"

எண்ணினேன். இருபது. கூடவே கொடுத்திருந்த பாடப் புத்தகத்தின் படத்தில் பத்தொன்பது. படத்தில் கழுத்து வயிற்றைத் தொடுகிற இடம் பன்னிரண்டாம் மெட்டு, என்னுடையதில் பதின்மூன்று. படத்தில் ஐந்து, ஏழு, ஒன்பதில் வெள்ளைப் புள்ளி. என்னுடையதில் ஆறு, எட்டு, பத்தில். மூன்று முறை எண்ணினேன், ஒரு முறை விளக்கை அருகில் வைத்து. எங்கே பார்த்தாலும் ஒன்று அதிகம்.

அந்த ஒன்று எது என்பதும் உடனே தெரிந்துவிட்டது. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்கார ஓர் எலும்புக் கட்டை இருக்கிறது. அதை ஒட்டி, ஓர் அரிசி நீளம்கூட இடைவெளி இல்லாமல், ஒரு மெட்டு. வீணையில் முதல் மெட்டில் விரல் வைத்தால் ஷட்ஜமம் போய் ரிஷபம் பேசும். இங்கே முதல் மெட்டில் விரல் வைத்தால் எதுவும் நடக்கவில்லை. வெறும் கம்பி என்ன பேசிற்றோ அதையே பேசிற்று. புத்தகத்தில் சொன்னபடி ஒன்றாம் மெட்டில் ஒரு விரல், இரண்டில் ஒரு விரல், மூன்றில் ஒரு விரல் வைத்து இழுத்தால் சந்தையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் சண்டை போடுகிற சத்தம். எட்டு நாள் இப்படி வாசித்தேன். மனைவி எட்டு நாளும் கொல்லைப்புறத்தில் வேலை வைத்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மாலை தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு வாத்தியக் கடைக்குப் போய் விசாரித்தேன். கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"அது மலிவு கிட்டாருங்க சார். கட்டையில கம்பி உக்கார்ற காடிய அளவா வெட்டணும்னா கை வேலை தெரியணும். தெரியாதவங்க ஒரு மெட்டை அங்க போட்டுச் சமாளிச்சிடுவாங்க. அந்த மெட்டு சீக்கிரம் தேஞ்சும் போயிடுங்க. மத்த மெட்டுல விரல் வச்சாத்தான் கம்பி படும். இதுல ராத்திரி பகலா கம்பி மேலயே கெடக்குது."

பிறகு தன்னிடம் அப்படிப்பட்ட மெட்டு இல்லாத புதுக் கிட்டார் ஒன்று இருப்பதாகச் சொன்னார். அதனால் அவரையும் சந்தேகித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அந்த மெட்டில் ஆறு பள்ளங்கள் இருந்தன. தடித்த மூன்று கம்பிகளுக்கு அடியில் ஆழமாக, மெல்லிய மூன்றுக்கு அடியில் லேசாக. கடைக்காரருக்கு ஆதாயம் இருக்கலாம். பள்ளத்துக்கு என்ன ஆதாயம்? ஏமாந்துவிட்டேன் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் கேண்டீனில் நான்கு பேரிடம் சொன்னேன். சாட்சி சொல்வது போல அளவாகச் சொன்னதாகத்தான் ஞாபகம். தேய்ந்ததை மெருகு போட்டுத் தள்ளிவிடுகிறார், மற்ற சாமான்களையும் பார்த்து வாங்குங்கள் என்றேன். ஒருவர், "கப்பல் ஏறுற மனுஷன்கிட்ட வேற என்னங்க எதிர்பார்க்குறீங்க" என்றார். எனக்கு அது இதமாக இருந்தது.

டிசம்பர் முதல் தேதி, ஞாயிறு, வீணைக்கு மெழுகு வைப்பவர் உறையூரிலிருந்து வந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். வீணையின் மெட்டுகள் கறுப்பு மெழுகில்தான் நிற்கின்றன. ஒன்று ஸ்ருதி விலகினால் மெழுகை இளக்கி எடுத்து, நகர்த்தி, மறுபடி வைத்துவிடலாம். எங்கள் வீட்டில் மெட்டை எடுப்பது என்பது பொத்தான் தைப்பது மாதிரி. அந்தப் பழக்கத்தில்தான் நான் கிட்டாரை அவர் முன் வைத்து, இந்த முதல் மெட்டை எடுத்துவிடுங்கள் என்றேன்.

அவர் நகத்தால் தட்டிப் பார்த்தார். "சாமி, இது மெழுகுல இல்லீங்க. மரத்துல அடிச்சு எறக்கியிருக்கு. எடுத்தா எடுத்ததுதான். எடுக்கணுங்களா?"

"எடும். அது கணக்கிலேயே இல்லாதது."

அவர் இன்னும் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குறடால் பிடுங்கினார். மரத்தில் ஒரு சிராய் பெயர்ந்தது. கூலி ஒன்றரை ரூபாய். எண்ணினேன்: பத்தொன்பது. கழுத்து வயிற்றைத் தொடுகிற இடம் பன்னிரண்டு. புள்ளிகள் ஐந்து, ஏழு, ஒன்பது. புத்தகத்துக்கும் வாத்தியத்துக்கும் இடையில் ஒரு வித்தியாசமும் இல்லை. கம்பியைத் தட்டினேன். 'ர்ர்' என்று ஒரு சத்தம், தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டியது போல. ஆறு கம்பியும் கீழே சரிந்து அடுத்த மெட்டின் மேல் படுத்துக் கிடந்தன. வெறும் கம்பி என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது.

கணக்கு சரியாகி வாத்தியம் செத்துப்போனால் என்ன அர்த்தம்? உள்ளே இன்னும் பெரிய மோசடி இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் அன்றைக்கு எனக்குத் தோன்றிற்று. விற்றவர் ஊரைவிட்டுப் போக இன்னும் பதின்மூன்று நாள். அதற்குள் எண்பத்தைந்து ரூபாயும் என் கைக்குத் திரும்பியாக வேண்டும். அந்த மாதம் என் சம்பளம் நூற்று எண்பத்திரண்டு.

டிசம்பர் 8, ஞாயிறு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பொன்மலைக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. கிட்டார் சரியில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்காமல் உள்ளே போய் ஒரு கவரை எடுத்து வந்து மேஜை மேல் எண்ணினார். எட்டுப் பத்து ரூபாய் நோட்டு, ஓர் ஐந்து ரூபாய். நோட்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார்.

வெகு நேரம் குனிந்து பார்த்தார்.

"என்ன மேன், ஒரு பல்லைக் காணோம்?"

அது தப்பாக இருந்தது, எடுக்கச் சொன்னேன் என்றேன். இருபது இருந்ததாகவும் புத்தகத்தில் பத்தொன்பதுதான் என்றும் சொன்னேன்.

"அதை எண்ணக்கூடாது மேன். அது ஜீரோ. கணக்கு அதுக்கு அடுத்ததுலதான் ஆரம்பிக்கும்."

தன் மனைவியைக் கூப்பிட்டு ஒரு கொண்டை ஊசி கேட்டார். நிமிர்த்தி, வெட்டி, கம்பிகளைத் தளர்த்தி, மெட்டைப் பிடுங்கிய காடியில் வைத்தார். முடுக்கினார். பிறகு ஒரு கம்பியை வெறுமனே தட்டினார். அதே கம்பியை இரண்டாம் மெட்டில் அழுத்தித் தட்டினார். ஸ்ருதிதான் வேறு, குரல் ஒன்று. எலும்பில் உட்கார்ந்த கம்பி ஒரு குரலிலும், உலோகத்தில் உட்கார்ந்த கம்பி வேறு குரலிலும் பேசும். வெறும் கம்பியும் உலோகத்திலேயே உட்கார்ந்தால் அந்தப் பேதம் இல்லை. எலும்புக் கட்டைக்கு அப்போது ஒரே வேலை, கம்பிகளை வரிசையாகப் பிடித்து வைப்பது. உயரத்தை மெட்டு பார்த்துக்கொள்ளும். அதனால் கட்டையின் காடிகளை ஆழமாக வெட்டியிருப்பார்கள். மெட்டை எடுத்தால் கம்பி பள்ளத்தில் விழத்தான் செய்யும். முக்கொம்பில் நான் கேட்டது இதைத்தான்.

நான் பள்ளங்களை விடவில்லை. தேய்ந்திருந்ததா இல்லையா என்றேன்.

"தேஞ்சிருந்தது. பதினோரு வருஷம் வாசிச்சிருக்கேன். அதுல ஒரு தொல்லை அது. தேஞ்சா புதுசு அடிக்கணும்."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல மேன். என் முகத்தையே பார்த்துட்டு இருந்தீங்க."

அப்போதுதான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். பட்டியலில் இருந்த பதினான்கில் ஒன்பது சாமான் அங்கேயே இருந்தன. கட்டில், பிரம்பு நாற்காலி இரண்டு, இறைச்சி வைக்கிற, கம்பி வலை அடித்த மீட் சேஃப், இன்னும் ஐந்து. விலைச்சீட்டுகள்கூடக் கழற்றப்படவில்லை. ஆறே நாள் இருந்தது.

இரண்டு வாரமாக ஒருத்தரும் எட்டிப்பார்க்கவில்லை என்று அவர் மனைவி சொன்னார். ஆபீஸில் ஏதோ பேச்சாம். அவர் கிட்டாரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓட்டைச் சாமான் விக்கிறேன்னு யாரோ சொல்றாங்களாம். முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த ஆபீஸ்" என்றார். யார் என்று அவருக்குத் தெரியுமா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தும் பணத்தை எண்ணி வைத்தாரா? அந்தச் சந்தேகம்தான் மற்ற எல்லாவற்றையும்விட என்னை அரித்தது.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மீட் சேஃப் என்ன விலை என்று கேட்டுவிட்டேன்.

"முப்பத்திரண்டு. உங்க வீட்ல மீட் சேஃப் எதுக்கு மேன்?"

"பால் வைக்க."

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியாது. பிரம்பு நாற்காலி இரண்டையும் பதினெட்டு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டேன். மேஜை மேலிருந்த எண்பத்தைந்திலிருந்து ஐம்பதை அவர் பக்கம் தள்ளினேன். மிச்சம் முப்பத்தைந்தை ஒரு கணம் பார்த்துவிட்டு அதையும் தள்ளினேன். கிட்டாரை வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் மறுபடி எண்ணிக் கவரில் போட்டார். பேரம் பேசவில்லை.

திங்கட்கிழமை கேண்டீனில் அதே நான்கு பேரிடம், தப்பு என்னுடையது, கிட்டாரில் மோசடி இல்லை என்று சொன்னேன். முதலில் சொன்னது ஆபீஸ் முழுக்கப் போயிருந்தது. இரண்டாவது நான்கு பேரைத் தாண்டவில்லை. அதிலும் ஒருவர், "எவ்வளவு திருப்பிக் கொடுத்தாரு?" என்று கண்ணடித்தார். டிசம்பர் 14 வரை வேறு யாரும் எதுவும் வாங்கப் போனதாகக் கேள்விப்படவில்லை. கட்டிலையும் மற்றதையும் பக்கத்து வீடுகளுக்குச் சும்மா கொடுத்துவிட்டுப் போனாராம். ரயிலடிக்கு நான் போகவில்லை.

மீட் சேஃபை வண்டியிலிருந்து இறக்கியபோது மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அதுல என்னென்ன வச்சாளோ. நிலைப்படி தாண்டப்படாது." சந்து வழியாகக் கொல்லைக்குப் போயிற்று, கடைசிவரை அங்கே விறகுதான் இருந்தது. நாற்காலிகளுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து அனுமதி கிடைத்தது.

மறு ஞாயிறு, அவர் சொல்லிவிட்டுப் போயிருந்த பொன்மலை ஃபிட்டர் ஒருவரிடம் புது மெட்டு அடித்துக்கொண்டேன். நான்கு ரூபாய். வீட்டுக்கு வந்து, அதை எண்ணாமல் அடுத்ததிலிருந்து விரலை வைத்தேன். சண்டை நின்றது. மனைவி கொல்லைப்புறத்திலிருந்து வந்து நிலையில் சாய்ந்து கேட்டாள். மூன்று வருஷத்தில் புது மெட்டிலும் ஆறு பள்ளம் விழுந்தது. யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. பொன்மலைக்கு மூன்று முறை போய்வந்த பஸ் இரண்டு ரூபாய் நாற்பது நயா பைசா, வண்டிக்கூலி மூன்றரை. எல்லாம் சேர்த்து நான் கொடுத்தது நூற்று நாற்பத்தாறு ரூபாய் நாற்பது நயா பைசா.